ஒம்பதுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு எள்ளு

ஜூன் 2, திங்கள்

எங்க மொதலாளி நவநீதன் சார் ஆளுக்கொரு நோட்டுக் குடுத்திருக்கார். எனக்கு நீலம், கூட வேலை பார்க்கற ஜீனத்துக்குப் பச்சை. தினமும் எத்தனை மணிக்கு எந்திரிச்சோம், என்ன தின்னோம், எத்தனை கார்டு பார்த்தோம், மனசு எப்படி இருந்துதுன்னு எழுதணுமாம். மாசக் கடைசியில வாங்கிப் படிப்பாராம்.

காரணம் ஊருக்கே தெரியும். ஜனங்க ஆசையாச் சேர்த்து வெக்கற படக் கார்டு நைஞ்சிருக்கா, புதுசாட்டம் இருக்கான்னு பார்த்துப் பத்துக்கு மார்க்குப் போடறது நம்ம பொழப்பு. யூடியூப்ல ஒருத்தன் ஒரே கார்டை மூணு பேர்ல மூணு தடவை நமக்கு அனுப்பியிருக்கான். நாம எட்டு, ஒம்பது, ஏழரைன்னு மூணு மார்க்குப் போட்டு, பத்திரமா பிளாஸ்டிக் டப்பாவுல மூடித் திருப்பி அனுப்பியிருக்கோம். மூணு டப்பாவையும் வரிசையா வெச்சு வீடியோ போட்டுட்டான். கீழ ஒருத்தர், 'பேசாமச் சீட்டுக் குலுக்கிப் போட்டா வேலை சீக்கிரம் முடியுமே'ன்னு எழுதியிருந்தார். படிச்சுட்டு எனக்கே சிரிப்பு வந்துது. சார் சிரிக்கல.

சார், நீங்க படிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதறேன். அதனால முன்னாடியே சொல்லிர்றேன். பொய் எழுத மாட்டேன். எல்லாத்தையும் எழுதுவேன்னு சொல்லல.

எந்திரிச்சது அஞ்சு. இட்லி மூணு. கார்டு நாப்பத்திரண்டு. மனசு, அது பாட்டுக்கு இருந்துது.

ஜூன் 3, செவ்வாய்

என்னைப் பத்தியும் எழுதணுமாம். சுகுணா. சூலூர். திருப்பூர் பனியன் கம்பெனியில பதினாறு வருஷம் செக்கிங். டேபிளுக்கு முன்னால நின்னுக்கிட்டு, வர்ற பனியனை விரிச்சு, கழுத்து, கை, அடிமடிப்புன்னு கண்ணை ஓட்டணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் அந்த எடத்துல ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடணும். அந்தப்பக்கம் ஆல்டர் செய்யறவங்க அம்பைப் பார்த்துச் சரி பண்ணிருவாங்க. ஒரு நாளைக்கு எண்ணூறு பனியன். கண்ணு பார்க்கறதுக்கு முன்னால கை ஒட்டியிருக்கும்.

அந்தக் கம்பெனி மூடினப்பொறவு, 'கார்டு ஆசை இல்லாத, கண்ணு கூர்மையான ஆள் வேணும்'னு சார் விளம்பரம் குடுத்திருந்தார். எனக்குக் கார்டு ஆசை சுத்தமா இல்லை. படம் போட்ட அட்டைக்கு மனுசன் இப்படி உருகறானேன்னு இன்னிக்கும் ஆச்சரியந்தான். ஜீனத்துக்கு அப்படியில்லை. கண்ணாடிக் கடையில வேலை பார்த்த புள்ளை, இருபத்தாறு வயசு, நல்ல கார்டு வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்ப்பா. நாங்க ரெண்டு பேரு பார்த்து மார்க்குப் போடறதுதான் இந்தக் கம்பெனி.

பழைய அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒண்ணு இன்னும் என்ற பைக்குள்ள கிடக்குது. வீட்டுல மொளகாப்பொடி டப்பா, மல்லிப்பொடி டப்பா அடையாளத்துக்கு ஒட்டறது.

ஜூன் 5, வியாழன்

மார்க்கு ஏன் நாளுக்கொண்ணா மாறுதுன்னு சார் கேட்டதுக்கு என்ற புத்திக்கு எட்டினதை எழுதறேன். முதல் கார்டு பளிச்சுன்னு இருந்தா அடுத்தது அழுக்காத் தெரியுது. பத்துக் கார்டு நைஞ்சு வந்துட்டு பதினொண்ணாவது சுமாரா வந்தா, ஆஹான்னு ஒம்பது போட்டுர்றோம். சாப்பாட்டுக்கு முன்னால என்ற கை இறுக்கம், சாப்பிட்டப்பொறவு தாராளம். ஜீனத் வெள்ளிக்கிழமைன்னா அரை மார்க்குக் கூடப் போடறா. கேட்டா, 'இல்லவே இல்லைங்க்கா'ங்கறா. பனியன் கம்பெனியில ஒரிஜினல்னு ஒரு பீஸை வெச்சிருப்பாங்க, சந்தேகம் வந்தா அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். இங்க எட்டுன்னா எப்படி இருக்கணும், ஒம்பதுன்னா எப்படி இருக்கணும்னு ஒரு கார்டாவது சுவத்துல தொங்குதா? அவங்கவங்க மண்டைக்குள்ள தொங்குது. அது தினமும் ஒரு பக்கம் சாயுது.

தப்பா எடுத்துக்காதீங்க.

ஜூன் 6, வெள்ளி

எட்டு நாளாத் தண்ணி வரல. மனசைப் பத்திக் கேக்கறீங்களே.

ஜூன் 9, திங்கள்

தங்கப் பூதம் வந்துது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால பபிள்கம் பாக்கெட்டுக்குள்ள 'பூதப்படை'ன்னு கார்டு வந்துச்சாம். அதுல நாப்பத்தேழாம் நம்பர் மட்டும் தங்கப் பூச்சு போட்டது. கோபியில மாட்டு டாக்டர் கதிர்வேலுச்சாமின்னு ஒருத்தர்கிட்ட இருக்குது. மார்ச்சுல நாம ஒம்பது போட்டு மூடிக் குடுத்தோம். போட்டது ஜீனத். அவருக்கு மனசு ஆறல, பத்து வர வேண்டிய கார்டுன்னு மூடின டப்பாவோட மறுபார்வைக்கு அனுப்பியிருக்கார், ப்ளஸ் டூ பேப்பரை மறுகூட்டலுக்கு அனுப்பற மாதிரி.

டப்பாவைக் கட்டர்ல திறந்தது நான்தான். சுத்தமாத் திறந்துச்சு. கார்டு அழகு. கார்டு ஆசை இல்லாத எனக்கே அழகுன்னு பட்டுச்சு. வலது மேல்முனையில மயிரிழை வெள்ளை, அவ்வளவுதான்.

ஏழு போட்டேன். மேல்பரப்புல எள்ளளவு தங்கம் உரிஞ்சிருக்கு.

கார்டு பதினெட்டு. சாப்பிடல.

(இதுக்கடுத்த ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு. சோத்துப் பருக்கை பட்டிருக்கும். பிரிக்க வேண்டாம், கிழிஞ்சுரும்.)

ஜூன் 10, செவ்வாய்

புளிக்குழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு வாட்டர் கேன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனார். சொல்லியிருந்தாத் தேவலை.

ஜூன் 12, வியாழன்

மாட்டு டாக்டர் போன் பண்ணினார். சார் ஸ்பீக்கர்ல போட்டார். கோபமாப் பேசினா நாமளும் கோபமாப் பேசலாம். அந்த மனுசன் மரியாதை மாறாமப் பேசினார்.

"ஏனுங், ஒரே கார்டு, உங்க டப்பாவுக்குள்ளயே இருந்துது. மார்ச்சுல ஒம்பது, ஜூன்ல ஏழுங்களா? என்ற மாடு மூணு மாசத்துல இளைச்சாக் கூடக் காரணம் சொல்லிப் போடுவனுங். டப்பாவுக்குள்ள பூதம் எப்படிங் இளைக்கும்?"

சார் மூஞ்சி சுண்டிப்போச்சு. போனை வெச்சதும் என்னைக் கேட்டார். "சுகுணாக்கா, டப்பாவைத் திறக்கறப்ப ஏதாவது ஆச்சுங்களா?"

"இல்லைங்க சார். திறக்கறப்ப ஒண்ணும் ஆகலைங்க."

அது சத்தியம். திறக்கறப்ப ஒண்ணும் ஆகல.

மார்ச்சுல மூடறதுக்கு முன்னால எடுத்து வெச்ச ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்த்தார். தங்கப் பூச்சு மேல வெளிச்சம் பட்டா படத்துல வெறும் வெள்ளைதான் வருது, உரிஞ்சதும் தெரியாது உரியாததும் தெரியாது. பொறவு ஜீனத்தைப் பார்த்தார். "அப்ப மார்ச்சுலயே உரிஞ்சிருக்கணும். லென்ஸ் வெச்சுமா தெரியல?"

ஜீனத் லென்ஸை எடுத்துக் கார்டைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. "இப்பத் தெரியுதுங்க சார்"னு மட்டும் சொன்னா.

ஜூன் 13, வெள்ளி

எனக்கு உக்கார முடியல, நிக்க முடியல. ஒரு கார்டுக்கு மூணு தடவை எந்திரிச்சுத் தண்ணி குடிச்சேன். சூலூர் ஸ்டாப்பிங்கை விட்டுட்டு காங்கேயம்பாளையம் போய் இறங்கி, திரும்ப வேற பஸ் பிடிச்சு வந்தேன். கண்டக்டர், 'என்னங்கம்மா, தூங்கிட்டீங்களா'ன்னார். ஆமாங்கன்னேன்.

ஜூன் 16, திங்கள்

ஜீனத்தைப் பேக்கிங் டேபிளுக்கு மாத்திட்டார். மார்ச்சுல அவ பார்த்த நானூறு கார்டையும் திருப்பி வரவழைச்சு மறுபடி பார்க்கணுமாம். பார்க்கப்போறது நான். மாசக் கடைசியில ரெண்டு பேர் நோட்டையும் படிச்சுட்டு, அவளை வெச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாராம்.

சார், இதை நீங்க படிக்கறப்ப மாசக் கடைசி ஆகியிருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்தப் புள்ளை கண்ணு தங்கம். அவ தாராளமாப் போடுவா, அது வேற. இல்லாததைப் பார்க்க மாட்டா, இருக்கறதை விட மாட்டா.

நான் எதுக்கு இதைச் சொல்றேன்னு கேப்பீங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையாப் போயிரும், விடுங்க.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்துல ஜீனத் என்ற பக்கத்துல வந்து உக்கார்ந்தா. எப்பவும் போல அவ டப்பாவுல இருந்து பாதி கறியை என்ற தட்டுல போட்டா. நான் அதைத் தட்டோட ஓரத்துக்குத் தள்ளி வெச்சேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா. நான் ஸ்கூட்டியை நிறுத்திட்டேன். பஸ்ஸுலதான் வர்றேன்."

"ஏங் கண்ணு?"

"என்னைப் பெத்த அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கண்ணுல அழுத்தம். அவருக்கு ஓரத்துல இருக்கறது தெரியாமப் போச்சு. தெரியாமப் போறதே தெரியாதாம்க்கா, மூளை அதுவா நிரப்பிக்குமாம். நாப்பத்தஞ்சு வயசுல முழுசாப் போச்சு. எங்களுக்கும் வரும்னு அப்பவே டாக்டர் சொன்னார். எனக்குச் சீக்கிரமே வந்துருச்சு போல."

"கார்டுல எள்ளளவு தெரியலைன்னா கண்ணு போச்சுன்னு அர்த்தமா? கிறுக்காட்டம் பேசாத."

"தங்கத்துல கருப்பாப் புள்ளி இருக்குது. அது எப்படிங்க்கா தெரியாமப் போகும்? கண்ணு சரியா இருக்கறவளுக்கு?"

நான் எந்திரிச்சுத் தட்டைக் கழுவப் போயிட்டேன்.

ஜூன் 18, புதன்

தண்ணி வந்துது. ரெண்டு டிரம், நாலு குடம், ரெண்டு அண்டா. அத்தனையும் ரொப்பிட்டு, ரொப்பின அண்டாவைக் கொட்டித் தேய்ச்சு மறுபடி ரொப்பினேன். எதுத்த வீட்டுக்காரம்மா, 'என்னங்க சுகுணா, தண்ணி எச்சாப் போச்சுங்களா'ன்னு கேட்டுப்போட்டாங்க.

ஜூன் 19, வியாழன்

சார் கம்ப்யூட்டர்ல கணக்குப் பார்த்துட்டுச் சொன்னார், இந்த வாரம் நான் போட்ட மார்க்கெல்லாம் சராசரி முக்கால் கூடியிருக்காம். ஜீனத்தோட மார்ச்சுக் கார்டுல இதுவரைக்கும் திரும்பி வந்ததுல ஒண்ணுகூட நான் குறைக்கலையாம். "சுகுணாக்கா, அவ மேல இரக்கப்பட்டுப் போடறீங்களா? அப்புறம் நாம எதுக்கு ஒரு கம்பெனி நடத்தறோம்?"

இரக்கம் இல்லைங்க சார். வேற பேரு அதுக்கு.

ஜூன் 21, சனி

திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி கதையை எழுதறேன். நோட்டுல பக்கம் நிறைய இருக்குது.

அவ பதினாறு வருஷம் பனியன் பார்த்தவ. பொறவு வேற வேலைக்குப் போனா, துணி இல்லாத வேலை. ஒரு நாள் அவ கையில ஒரு நல்ல பொருள் வந்துது. முனையில மயிரிழை குறை. அன்னிக்குத்தான் மொளகாப்பொடி டப்பாவுக்கு ஒட்டலாம்னு பையில இருந்த ரோலை எடுத்து டேபிள் மேல வெச்சிருந்தா. பின்னால டீக்காரர், 'சக்கரை எச்சாவா, கம்மியா'ன்னு கேட்டார். அவ திரும்பிப் பார்த்து, 'கம்மி'ன்னு சொல்லிட்டு, இந்தப்பக்கம் திரும்பறதுக்குள்ள கை குறை இருந்த எடத்துல அம்பை ஒட்டிப்போட்டுது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க.

பனியன்ல ஒட்டினா உரிச்சா வந்துரும். அவ பதறி உரிச்சா. அம்பும் வந்துது, அம்போட எள்ளளவு தங்கமும் வந்துது.

பனியனா இருந்தா ஆல்டருக்குப் போகும். இதுக்கு ஆல்டர் கிடையாது. அவ என்ன பண்ணினான்னா, கண்ணு பார்த்ததை அப்படியே எழுதினா. தங்கம் உரிஞ்சிருக்கு, ஏழுன்னு. அது சரியான மார்க்குத்தான். அந்த நிமிஷத்துல அந்தப் பொருளுக்கு ஏழுதான். எப்படி உரிஞ்சுதுன்னு எழுத அந்தப் படிவத்துல கட்டம் இல்லை.

ஊரெல்லாம் ஏற்கனவே 'இவங்க மார்க்கு நாளுக்கொண்ணு'ன்னு சிரிச்சுக்கிட்டு இருந்துது. அதோட இதுவும் ஒண்ணாப் போயிரும்னு நினைச்சா. இன்னொருத்தி கண்ணைப் போய் முட்டும்னு அவளுக்குத் தெரியல. மூணாம் நாளே தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் வாயைத் திறக்கல. அதுதான் அவ பண்ணின தப்பு, ஒட்டினதில்லை.

வேலை போயிருமேன்னு பயம். வயசு நாப்பத்தொண்ணு. இனி எந்தக் கம்பெனி எடுப்பான்?

ஜூன் 23, திங்கள்

நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குத் துணைக்கு வர முடியுமான்னு ஜீனத் கேட்டா. கண்ணுல மருந்து விட்டா நாலு மணி நேரம் ஒண்ணும் தெரியாதாம், கூட ஆள் வேணுமாம். அத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது, அம்மாகிட்டச் சொல்லல. 'எனக்கு இங்க உங்களை விட்டா யாருங்க்கா'ங்கறா.

வர்றேன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

லீவு. கார்டு இல்லை.

காலையில எட்டு மணிக்கு வரிசையில உக்கார்ந்தோம். மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கச் சொன்னாங்க. அவ என்ற கையைப் பிடிச்சுக்கிட்டா. இந்தக் கையைத்தான். பேசாம இருக்க முடியாம, வெள்ளிக்கிழமை நீ ஏன் அரை மார்க்குக் கூடப் போடறேன்னு கேட்டேன். சிரிச்சா. "வெள்ளிக்கிழமை அத்தா பள்ளிவாசல் போய் வந்து நல்ல மனசா இருப்பாருங்க்கா. எனக்கும் தொத்திக்கும் போல."

மருந்து விடறதுக்கு முன்னாலயே தலையை ஒரு மெஷினுக்குள்ள வைக்கச் சொல்லி, மினுக்குற புள்ளியெல்லாம் பார்க்கச் சொல்லியிருந்தாங்க. ஒரு மணி நேரம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுச் சொன்னாங்க, அழுத்தம் இல்லை, நரம்பு நல்லா இருக்குது, ஓரப் பார்வை முழுசா இருக்குது, வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டினாப் போதும்னு.

எனக்கு உசுரு வந்துது. பயம் போச்சு, சாமி காப்பாத்திட்டாரு, இனி யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைன்னு நினைச்சேன். ஆமாங்க சார், அப்படித்தான் நினைச்சேன். வெளியில வந்து ரெண்டு பேரும் இளநீர் குடிச்சோம்.

ஜீனத் பாதி இளநீரைக் கீழ வெச்சுட்டா.

"கண்ணு நல்லா இருக்குதுன்னா, அப்ப நான் பார்க்காமலே ஒம்பது போட்டிருக்கேன்க்கா. கண்ணு போயிருந்தாக் கூட அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இது சோம்பேறித்தனம். இல்லைன்னா கார்டு மேல ஆசை, அழகா இருந்ததும் அப்படியே மயங்கிப் போட்டிருப்பேன். எத்தனை பேருக்கு இப்படிப் பொய் மார்க்குப் போட்டேனோ. நான் இந்த வேலைக்கு ஆகாதவ. திங்கக்கிழமை எழுதிக் குடுத்துர்றேன்."

அப்பவே சொல்லியிருக்கணும். கண்ணுல மருந்தோட இருந்தா, என்ற மூஞ்சி கூட அவளுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. அதைவிடச் சுலபமான நேரம் கிடைக்காது. பஸ் வந்துருச்சு, ஏறிட்டோம்.

ஜூன் 25, புதன்

கார்டு முப்பத்தொண்ணு. ஒண்ணும் ஞாபகம் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

சொல்லிட்டேன்.

சாப்பாட்டு நேரத்துல, பேக்கிங் டேபிள்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. இந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போய், ஒட்டின ரெண்டு பக்கத்தையும் அவ முன்னால ஸ்கேல் வெச்சுப் பிரிச்சேன். சோத்துப் பருக்கை இல்லைங்க சார், பசை போட்டு நானே ஒட்டினது. உள்ளே சிவப்பு அம்பு இருந்துது. தூக்கிப் போட மனசு வரல, பதினெட்டு நாளா அங்கதான் வெச்சிருந்தேன். அம்போட அடிப்பக்கத்துல எள்ளளவு தங்கம்.

"மார்ச்சுல நீ பார்த்தப்ப இது கார்டுலதான் இருந்துது. நான்தான் எடுத்தேன்."

அவ கையைத் துடைச்சுக்கிட்டா. லென்ஸை எடுத்தா. விளக்கை இழுத்துக்கிட்டா. அம்பைப் பார்த்தா, பொறவு எந்திரிச்சுப் போய் அலமாரியில இருந்து தங்கப் பூதத்தை எடுத்துக்கிட்டு வந்து, அம்பைப் பக்கத்துல வெச்சு, உரிஞ்ச எடத்தோட ஓரமும் எள்ளோட ஓரமும் சேருதான்னு பார்த்தா. எந்தக் கார்டையும் அவ அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ஒம்பது"ன்னா. "நான் போட்டது ஒம்பதுதான்."

பொறவு மேசை மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதா. நான் முதுகைத் தொடப் போனேன். தட்டிவிட்டா.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தீங்களே. அப்பக் கூடவா?"

"ஆமா கண்ணு. அப்பக் கூட."

அவ என்னை அதுக்கப்புறம் அக்கான்னு கூப்பிடல. அது நியாயம்.

ஜூன் 28, சனி

வீட்டுல அவர்கிட்டச் சொன்னேன். "இதுக்குத்தானா அன்னிக்கு ரெண்டு உப்பு"ன்னு கேட்டார். வேலை போனா என்ன பண்றதுன்னேன். "கேன் தூக்க ஆள் வேணும், வா"ன்னார். நல்லாத் தூங்கினேன், இந்த மாசத்துல முதல் தடவை.

மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணினேன். நடந்ததை முழுசாக் கேட்டார். பொறவு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் அந்தப் புள்ளையைத்தாங் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்"ன்னார். கார்டு அவருக்கு ஏழுதான், இனி எப்பவும் ஏழுதான். அதுக்கு அவருக்கு என்ன செய்யணும்னு சார் சொல்றதைச் செய்யறேன்.

ஜூன் 30, திங்கள்

சார், இன்னிக்கு நோட்டு வாங்குவீங்க. ஜூன் ஒம்பதாம் தேதிக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்க, பிரிச்சே இருக்குது, அம்பு அங்கேயே ஒட்டியிருக்குது. இருபத்தொண்ணாந் தேதி எழுதின 'திருப்பூர்க்காரி'யும் நான்தான், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மார்ச்சு மாச நானூறு கார்டைச் சந்தேகப்படக் காரணம் இல்லை. ஜீனத்தை அவ டேபிள்ல உக்கார வையுங்க. என்னை என்ன பண்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.

நீங்க வர இன்னும் அரை மணி நேரம் இருக்குது. ஜீனத் ஸ்கூட்டியிலதான் வந்தா. எழுதிக் குடுக்க ஒண்ணும் கொண்டு வரல. பச்சை நோட்டை உங்க மேசையில வெச்சுட்டு, யாரையும் கேக்காம அவ பழைய எடத்துல உக்கார்ந்து விளக்கைப் போட்டா. ஒரு கார்டைப் பார்த்துட்டு என்ற பக்கம் தள்ளினா. மூஞ்சியைப் பார்க்கல.

"எட்டரை. பாருங்க."

பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன். அவ சந்தோஷத்துக்காகவாவது எட்டரைன்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துது.

"எட்டு"ன்னேன்.

அவ எட்டரைன்னு எழுதிக்கிட்டா. பக்கத்துலயே என்ற எட்டையும் எழுதிக்கிட்டா.